நிற்கையில் எடுத்த அளவு

வாப்பாவின் கைலியில் ரத்தம் இருப்பதை முதலில் பார்த்தவர் மைனி, என் அண்ணன் மனைவி. துவைக்கும் துணிகளைப் பிரிக்கும்போது கண்ணில் பட்டிருக்கிறது. அண்ணனிடம் சொல்லாமல் என்னிடம் வந்து சொன்னார்.

"தம்பி, நேத்தும் இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. மாமாகிட்ட நான் போயி என்னன்னு கேப்பேன்? உங்க காக்காகிட்ட சொன்னா சத்தம் போட்டே ஊரக் கூட்டிருவாவ. நீங்க பேப்பர்காரரு. நாசூக்கா கேக்கத் தெரியும்லா."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தாராவியில் எங்களுக்கு வீடும் பட்டறையும் ஒன்றுதான். கீழே அண்ணனின் பேக் பட்டறை: வெட்டு மேஜை, தையல் மிஷின்கள், சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள். இரும்பு ஏணியில் ஏறினால் மாளா. நிமிர்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும் அந்த மேல்தட்டில்தான் குடும்பம். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஃபோர்ட்டில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். வேலை மத்தியானத்துக்கு மேல்தான் என்பதால் காலை நேரங்களில் மாளாவில் வாப்பாவும் நானும் மட்டும் இருப்போம்.

அந்த வருஷம் வாப்பாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்திருந்தது. வீடு திரும்பியதிலிருந்து அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். அதே முழங்காலோடு அந்தச் செங்குத்தான ஏணியில் அவர் ஏறி இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் நம்பினேன்.

நாசூக்காக ஒன்றும் கேட்கவில்லை. "எங்க ரத்தம் வருது?" என்று கேட்டேன்.  வாப்பா உட்கார்ந்தபடியே கைலியைத் தொடைக்கு மேல் சுருட்டினார்.

தோல் ஷீட்டுகள் சுற்றி வரும் கெட்டியான பாலிதீன் உறையைக் கால்சட்டை போல வெட்டியிருந்தார். உள்ளே பழைய கைலித் துணி, மடித்து வைத்தது. இடுப்பில் ஒரு நாடா. தொடை இரண்டிலும் பாலிதீனின் ஓரத்தைச் சைக்கிள் டியூப் கீற்றால் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். டியூபுக்கு மேலே சதை பிதுங்கி நீலம் பாரித்திருந்தது. இடது தொடையின் உட்புறத்தில் டியூப் தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. ரத்தம் அங்கிருந்துதான்.

விபத்துச் செய்திகள் நிறைய எழுதியிருக்கிறேன். ரயில் தண்டவாளத்தில் கிடந்த உடல்களைப் போலீஸ்காரர்களோடு நின்று பார்த்திருக்கிறேன். அந்தத் தொடையைப் பார்த்ததும் டியூபைத் தளர்த்தக் கையை நீட்டினேன்.

"தளத்துனா மூத்திரம் சொட்டுது," என்றார் வாப்பா. "இறுக்குனா அறுக்குது. சொட்டுறதுக்கு அறுக்கது மேலு."

"யாரு பாக்கப் போறா? வீட்லதான இருக்கீங்க?"

"வீட்ல இருக்கதுக்கா கட்டுதேன்? பள்ளி ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். பள்ளிப் பாயில ஒரு சொட்டு விழாதுன்னா வாங்க, விழும்னு பயம் இருந்தா வீட்லயே தொழுங்கன்னுட்டாரு. அதான் கட்டிட்டு இங்கனயே தொழுது பாக்கேன். தொழுது முடிச்சு முசல்லாவத் தடவிப் பாக்கேன்."

தொழுகை விரிப்பை அவர் தடவிப் பார்ப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். தூசி தட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மாட்டுங்கா போனேன். அங்கே பெரிய மருந்துக் கடைகள் இருந்தன. ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடைகளும் இருந்தன. பெரியவர்கள் கட்டிக்கொள்ளும்படி ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றிலும் கேட்டேன். ஒருவர் படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட்டை எடுத்துப் போட்டார். இன்னொருவர் குழந்தைகளின் பிளாஸ்டிக் ஜட்டியைக் காட்டி, "இதுலயே பெருசு வேணும்னா நீங்கதான் சார் கண்டுபிடிக்கணும்" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். இத்தனை லட்சம் பேர் இருக்கும் ஊரில் இது ஒருவருக்கும் தேவைப்படவில்லையா, அல்லது தேவைப்பட்ட எல்லோரும் மாளாவில் உட்கார்ந்து டியூப் வெட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று யோசித்துக்கொண்டே சயான் வரை நடந்தேன்.

காக்காவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மைனி சொன்னது போலச் சத்தம் போடவில்லை. மேஜை மேல் கிடந்த கத்தரியை எடுத்து, ஒன்றையும் வெட்டாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு கல்யாணில் இருந்த எங்கள் மச்சானுக்கு ஃபோன் போட்டார். மச்சான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் ஆட்கள் மூலமாகச் சாமான் வரவழைத்து விற்பவர். சோப்பு, டார்ச், டேப்ரிக்கார்டர். "பெரியாளு லங்கோடு ஒண்ணு இருக்காம், அங்க ஆஸ்பத்திரியில எல்லாம் போடுதாவளாம். கொண்டாரச் சொல்லு" என்றார்.

வந்தது. தலையணை அளவு பாக்கெட். வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருக்கும் படம். உள்ளே பஞ்சும் காகிதமும் பிளாஸ்டிக்குமாக மடித்து அடுக்கிய டயப்பர்கள். பக்கத்துக்கு இரண்டு ஒட்டும் பட்டைகள்.

அந்தப் படத்தில் இருந்த கிழவனுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். வாப்பாவின் இடுப்பு அதில் பாதி. முன்பக்கத்தில் வந்து ஒட்ட வேண்டிய பட்டைகள் சுற்றிக்கொண்டு முதுகுக்கே திரும்பிப் போயின. தொடையோரத்தில் என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. புண் எரியாமல் இருக்க மைனி கொடுத்தனுப்பிய பவுடரைப் பூசியதில் பசை பிடிக்கவில்லை. பவுடரைத் துடைத்துவிட்டு ஒட்டினால் பிடித்தது, ஆனால் மறுபடி பிரித்தபோது பட்டையோடு பிளாஸ்டிக்கும் கிழிந்து வந்தது.

வாப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏல, ஒவ்வொரு வக்துக்கும் நான் கழுவி ஒளூ எடுக்கணும். தெறக்க முடியாத பூட்டு எனக்கு எதுக்கு?"

நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி கட்டியாக வேண்டும். ஒருமுறை ஒட்டிக் கிழித்து எறிவதற்கென்று செய்த சாமான் அது. இப்படி ஓர் ஆள் இதை உடுத்துவான் என்று செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பாக்கெட் சீக்கிரமே காலியானது.

"பேக் தைக்கேன், ஸ்கூல் பை தைக்கேன், எக்ஸ்போர்ட்டுக்கு டென்ட் உறை வரைக்கும் தச்சுருக்கேன்," என்றார் காக்கா. "எங்க வாப்பா இடுப்புக்கு ஒரு உறை தைக்க மாட்டனா?"

அளவு எடுத்தார். வாப்பாவை வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வைத்து, இடுப்பு, முன் உயரம், பின் உயரம், தொடைச் சுற்று. பையை நிற்க வைத்துத்தான் அளப்பார்கள். அடி, முன்பாகம், பின்பாகம், பக்கப் பட்டை என்று அதே கணக்கில் வெட்டினார். வெளியே மழைக்கோட்டுத் துணி, உள்ளே மடித்துச் செருகும் துணிக்கு ஒரு பாக்கெட், தொடையோரத்தில் மெல்லிய எலாஸ்டிக். இரண்டு பக்கமும் அப்போது பட்டறைகளுக்குப் புதிதாக வந்திருந்த ஒட்டுப்பட்டையை வைத்தார். ஒரு நாடாவில் முள், மறு நாடாவில் பஞ்சு. அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கர்ரென்று பிரியும். எத்தனை முறை வேண்டுமானாலும் ஒட்டலாம், பிரிக்கலாம்.

"இது பூட்டு," என்று பிரித்து ஒட்டிக் காட்டினார். "தெறக்கவும் செய்யலாம்."

வாப்பா போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நடந்தார். நின்றார். சுற்றினார். "அச்சா," என்றார். காக்காவின் வேலையை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரமே அவருடைய கூட்டாளி மவுத்தானார். வாப்பாவோடு ஒரே ரயிலில் பம்பாய் வந்து, தோல் கிடங்கில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். ஜனாஸாவுக்குப் போயே தீருவேன் என்றார் வாப்பா. புதுச் சாமானைப் போட்டு, மேலே வெள்ளைக் கைலி கட்டி, காக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டாளியின் மையத்துப் பெட்டியை முன்னால் வைத்து வரிசை நின்றது. தொழுகை முடிந்தது. அடக்கம் வரை இருந்துவிட்டு வந்தார். மாளாவில் ஏறியதும் கைலியைப் பிரித்துத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

மைனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். காக்கா வெளியே போய் ஜிலேபி வாங்கி வந்துவிட்டார். கூட்டாளியை மண்ணில் வைத்த அன்று நாங்கள் ஜிலேபி தின்றோம். வாப்பாவும் ஒன்று தின்றார்.

"வர்ற வெள்ளி ஜும்மாவுக்குப் போறேன்," என்றார்.

ஜனாஸா தொழுகையில் குனிவதோ தலையைத் தரையில் வைப்பதோ கிடையாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை நின்றபடியே தொழுவது அது. பிறந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த வாரம் முழுதும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வாப்பாவைப் பார்த்ததும் பள்ளிவாசலில் கைகொடுக்க ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன வே, முழங்கால் அமெரிக்கா போயி வந்துட்டா?" என்றார் வாப்பாவின் வயதுள்ள ஒரு கறிக்கடைக்காரர். வாப்பா சிரித்தார். தூணுக்கு அருகில் அவருடைய பழைய இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். வலது பக்கம் காக்கா, இடது பக்கம் நான்.

குத்பா பிரசங்கம் முடிந்து வரிசை நின்றது. இமாம் ஓதினார். குனிந்தபோது பக்கத்திலிருந்து நூல் தெறிப்பது போல ஒரு சிறு ஒலி வந்தது. நிமிர்ந்தோம். பிறகு எல்லோரும் தரைக்குப் போனோம். நெற்றி பாயைத் தொட்டதும் அந்தக் கூட்டம் முழுதும் அமைதியாகும். மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும்.

அந்த அமைதியில் அது பிரிந்தது. கர்ர்ரென்று, ஒரு பக்கம். உடனே மறுபக்கம்.

பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. இமாம் தக்பீர் சொன்னார், எழுந்தோம், மறுபடி தலை வைத்தோம், மறுபடி தக்பீர், வரிசை எழுந்து நின்றது. வாப்பா எழவில்லை.

நிற்கும்போது பார்வை தரையில் இருக்க வேண்டும். என் பார்வையின் ஓரத்தில் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அசையவில்லை. இமாம் ஓதிக்கொண்டே இருந்தார். குனிந்தோம், நிமிர்ந்தோம், தரைக்குப் போனோம், எழுந்து உட்கார்ந்தோம். தொப்பி அதே இடத்தில் இருந்தது. தொழுகையில் பேசக் கூடாது, திரும்பக் கூடாது. தொழுகையை முறித்துவிட்டு அவரைத் தொட்டிருக்கலாம்தான். ஆனால் எனக்குக் கை வரவில்லை. நெற்றி தரையில் இருக்கும் சுஜூதில் மவுத்தாவது பெரிய பாக்கியம் என்று அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொற்கள்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. 

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தோம். கறிக்கடைக்காரர்தான் முதலில் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, உரக்க, மரணச் செய்தி கேட்டால் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யைச் சொன்னார். சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். காக்கா "வாப்பா" என்று கத்தினார்.

"கத்தாதல," என்று தரையிலிருந்து குரல் வந்தது. "உசுரோடதான் கெடக்கேன். எல்லாரையும் வெளிய போகச் சொல்லு."

கறிக்கடைக்காரர் ஒரு அடி பின்னால் பாய்ந்தார். பிறகு அவர்தான் கூட்டத்தை நகர்த்தினார். "போங்கய்யா, போங்க, மனுசனுக்குக் காத்து வரட்டும். சலோ, சலோ."

பிரிந்துபோன உறை நழுவாமல் தொடைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அசைந்தால் பாயில் சொட்டும் என்பதற்காக, வாப்பா தொழுகையின் ஒரு சுற்றான ரக்அத் முழுதும் அப்படியே கிடந்திருக்கிறார். காக்கா தோளில் கிடந்த துண்டை அடியில் கொடுத்துச் சுற்றினார். இருவரும் தூக்கி நிறுத்தினோம். நின்றதும் அவர் செய்த முதல் வேலை, என் கையை உதறிவிட்டுக் குனிந்து, தான் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. உள்ளங்கையைத் திருப்பி ஹஜ்ரத்திடம் காட்டினார். காய்ந்த கை.

தொழ வைத்த ஹஜ்ரத் இளவயதுக்காரர். கண் கலங்கிவிட்டார். "அடுத்த வாரம் வாங்க. உக்காந்து சைகையா தொழுங்க. மார்க்கத்துல எடம் இருக்கு," என்றார்.

"குனிய முடியாதவனுக்கு இருக்கு. எனக்குக் குனிய வருது ஹஜ்ரத். நான் உக்காந்தா பொய் சொன்ன மாதிரில்லா ஆவும்."

ஜும்மா தவறிப்போனதால் வீட்டுக்கு வந்து மத்தியான லுஹர் தொழுதார். சாப்பிடவில்லை. மத்தியானம் முழுதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காக்கா கீழே வேலையை நிறுத்திவிட்டு அந்த உறையை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று ஆபீஸ் போகவில்லை. எதிரில் நின்றேன்.

"பட்ட நல்லாத்தான் பிடிச்சிருக்கு," என்றார். "தையல் விடல. துணி கிழியல. பெறகு ஏன் பிரிஞ்சுது?"

 வாப்பா ஏணியில் இறங்கி வந்தார்.

"ஏல, பை குனியுமா?" என்று கேட்டார்.

காக்கா அவரைப் பார்த்தார்.

"குனியாதுல்லா. நான் குனிவேன். குனிய வச்சு அள."

மேஜையில் கிடந்ததையெல்லாம் ஒதுக்கினோம். வாப்பாவைப் பிடித்து ஏற்றி முழந்தாளிட வைத்தோம். மேஜை நீளவாக்கில் வடக்கு தெற்காகக் கிடந்தது. வாப்பா சுற்றிலும் பார்த்தார்.

"மேக்கு எது?"

"தொழுகையா வாப்பா, அளவுதான எடுக்கோம்?" என்றார் காக்கா.

"நெத்தி கீழ போனா மேக்க பாத்துத்தான் போவும். தையல் மிஷினப் பாத்து விழச் சொல்லுதியா?"

மேஜையைத் திருப்ப இடமில்லை. குறுக்காகத் திரும்பி முழந்தாளிட்டார். பாதங்கள் மேஜைக்கு வெளியே தொங்கின. நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். மேற்குப் பக்கச் சுவரைப் பார்த்து, தோலும் பசையும் நாறும் அந்தப் பலகையில் என் வாப்பா நெற்றியை வைத்தார். கைலிக்கு மேலேயே காக்கா சாக்கட்டியால் கோடு போட்டார். டேப்பை வைத்தவர் மறுபடி எடுத்து வைத்தார். நின்றபோது எடுத்ததைவிடப் பின்பக்கம் ஒரு சாண் அதிகம் இருந்தது. முன்பக்கம் மடிந்து இல்லாமலே போயிருந்தது. அந்த ஒரு சாண் இழுத்த இழுப்பில்தான் பட்டைகள் பிரிந்திருக்கின்றன. டேப்பைப் பிடித்திருந்த காக்காவின் கை இறங்கவே இல்லை. எங்கள் குடும்பத்தில் அத்தனை ஆண்களும் தினமும் இப்படிக் கிடந்து எழுகிறவர்கள்.

"முடிஞ்சுதால? ரத்தம் தலைக்கு ஏறுது."

"ஆமா வாப்பா. எந்திரிங்க."

காக்கா புதிதாக வெட்டினார். பின்பாகம் நீளம், முன்பாகம் குட்டை, இடுப்புக்கடியில் வளைந்த ஓர் ஒட்டுத்துண்டு. ஒட்டுப்பட்டையை வைக்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு துணி நாடா, முடிச்சு. கழற்றிக் கட்ட நேரம் பிடிக்கும். சத்தம் வராது. குனிய வைத்து வெட்டியதால், நிற்கும்போது பின்பக்கம் ஒரு சாண் துணி காலிப் பை மாதிரி தொங்கியது. கைலிக்கு மேலேயே தெரிந்தது.

"இத ஒண்ணும் செய்ய முடியாது," என்றார் காக்கா. "நின்னா தொங்கும். குனிஞ்சா சரியா இருக்கும்."

"நிக்கதுக்கா போறேன்?" என்றார் வாப்பா.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கறிக்கடைக்காரர் பின்னாலிருந்து பார்த்துவிட்டார்.

"என்ன ஓய், பின்னால மூட்ட? வர்ற வழியில ரேஷன் வாங்கினீரா?"

"மவன் பேக் யாவாரிலா வே. சாம்பிள் மாட்டி வுட்டுருக்கான். ஒமக்கு ஒண்ணு சொல்லவா?"

கறிக்கடைக்காரர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். வாப்பாவின் காதருகே குனிந்தார். "எனக்கும் இருமுனா நிக்க மாட்டேங்கு வே," என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "தொழுது முடிச்சுப் பேசுவோம்."

அதே தூண். வலது பக்கம் காக்கா, இடது பக்கம் நான். குனிந்தோம், நிமிர்ந்தோம், தரைக்குப் போனோம். என்ன ஓத வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. மின்விசிறியைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வேறு ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது சுஜூதும் முடிந்து தக்பீர் வந்தது. எழுந்தேன். பக்கத்தில் முழங்கால் இரண்டும் சொடக்குப் போட, வாப்பா எழுந்து நின்றார்.